அடி தெரியாத வேலை

ஊசியக்கா வருகிறாள் என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பெரிய மனிதர்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. விடிந்தும் விடியாத நேரத்தில், சர்க்கரைக்காரர்களும் கொழுப்புக்காரர்களும் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் வீடுகளின் வாசலில் அவளுடைய சைக்கிள் மணி கேட்கும். உள்ளே வருவாள், கையைப் பிடிப்பாள், “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க” என்பாள். ஆள் ஒரு நல்ல பொய்யாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் குழாய்க்குள் வந்திருக்கும். “அவ்வளவுதானா?” என்று கேட்பவர்களிடம், “இன்னொரு தடவை குத்தட்டுமா?” என்று சிரிப்பாள். குழாய்களைப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சைக்கிளில் கட்டி, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வேலை கொடுத்தது ஒரு பரிசோதனைக் கூடம். ஆனால் ஜனங்கள் நம்பியது கூடத்தை அல்ல, அந்தக் கையை.

அந்தக் கையைத்தான் ஒரு கார் உடைத்துவிட்டுப் போனது.

பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், பின்னாலிருந்து வந்து இடித்தது. அவள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு முறிந்தது, தலை கிழிந்தது. பெட்டியிலிருந்த குழாய்கள் உடைந்து ஆறு வீட்டு ரத்தமும் சாலையில் ஓடியதில், தூக்க வந்த பால்காரர் அத்தனையும் அவளுடையதே என்று நினைத்து மயங்கி விழப் பார்த்தார். அவரை வேறு அவள்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் பால்காரர் வருவதற்கு முன்னால் அவள் ஒன்றைப் பார்த்தாள். வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத வெண்ணெய் நிறத்தில் அந்தக் காரின் பின்பக்கம். சற்றுத் தள்ளிப் போய் அதன் சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது. கதவு திறக்கும், யாரோ இறங்கி வருவார்கள் என்று நம்பி, “இங்க, இங்க” என்று கத்தவும் செய்தாள். விளக்குகள் அணைந்தன, வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது. நிற்காமல் போயிருந்தால்கூட, தெரியாமல் இடித்துவிட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். நின்று, யோசித்து, அப்புறம் போனார்களே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து புகார் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். “சைக்கிளைப் பத்திரமா கொண்டாங்க. காரோட பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், வண்டியைப் புடிச்சிடலாம்” என்றார். கட்டில் ஓரத்தில் நின்றிருந்த அவளுடைய கணவர், “நானே கொண்டு வர்றேன் சார்” என்றார்.

கணவருக்குக் கார்களில் டிங்கர் வேலை. நசுங்கினதைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். ஊரில் அவருக்குப் பெயரே டிங்கர்தான். அவர் கை பட்டால் அடிபட்ட இடம் தெரியாது என்பார்கள். ஷெட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அடி எப்படிப் பட்டது என்று வண்டிக்காரரிடம் கேட்கக் கூடாது. “கேட்டா பொய் சொல்லுவாங்க. அவங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?” என்பார். இதைக் கேட்டு அவள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அந்த மனிதர் அவளைப் பார்த்துக்கொண்ட அழகைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். தலை சீவி விட்டார். சாதம் பிசைந்து ஊட்டினார். தையல் நனையாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிக்கு வழி தெரியாத ஆள், உப்பு எங்கே, உளுந்து எங்கே என்று தேடித் தேடிச் சமைத்தார். “கையை ஒடைச்சுக்கிட்டாத்தான் இதெல்லாம் கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒடைச்சிருப்பேனே” என்று அவள் கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை, கண் கலங்கினார். அதைப் பார்த்து அவளும் அழுதாள்.

ஒரு நாள் கண்ணை மூடச் சொல்லி வாசலுக்கு அழைத்துப் போனார். திறந்து பார்த்தால் அவளுடைய சைக்கிள். கோணல் நிமிர்த்தி, பழைய பச்சை நிறத்தை இரும்பு தெரியத் தேய்த்து எடுத்துவிட்டு, சுத்தச் சிவப்பில் புதுசாக அடித்திருந்தார்.

நமக்கு இங்கேயே சுருக்கென்றிருக்க வேண்டும். அவளுக்கு இல்லை. ஊட்டி விடுகிற கையைச் சந்தேகப்படுகிறவர்கள் உலகத்தில் யார்? போலீஸ்காரர்தான் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, இருந்த ஒரே சாட்சிக்கும் பெயிண்ட் அடிச்சிட்டீங்களே!” என்றார். “பாவம் சார், நான் சந்தோஷப்படணும்னு ஆசையா செஞ்சுட்டார். நீங்க சொன்னதை மறந்தே போயிட்டார்” என்று அவரிடம் கணவருக்காகப் பரிந்து பேசியவள் அவளே.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கார் எல்லாம் ஒன்றும் இல்லை, ஊசியக்கா தானாகவே விழுந்தாளாம். காலையில் வெறும் வயிற்றோடு சைக்கிள் மிதித்தால் தலை சுற்றாதா? பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. வீட்டில் கணவரும் இதமாகச் சொல்லத் தொடங்கினார்: “தலையில அடிபட்டா இல்லாததெல்லாம் பார்த்த மாதிரி இருக்குமாம். நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத.” நாள் போகப் போக அவளுக்கே குழப்பம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததா, இல்லை விழுந்த வேகத்தில் கண்ணுக்குள் எரிந்ததா?

கட்டுப் பிரித்ததும் வேலைக்குப் போய் நின்றாள். பரிசோதனைக் கூடத்து முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். “கார் இடிச்சிருந்தா அது விபத்து, நாளைக்கே வா. நீயா விழுந்திருந்தா அது மயக்கம். மயங்கி விழுற ஆள்கிட்ட ஊசியைக் குடுத்து வீடு வீடா அனுப்ப முடியுமா, நீயே சொல்லு” என்றார். “கார்தான் இடிச்சுது சார்.” “உன் வீட்டுக்காரரே தலைச்சுத்தல்னு சொன்னாரேம்மா.” பதற்றத்தில் ஏதோ உளறியிருப்பார் என்று அதையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இடத்துக்காரம்மா கூப்பிட்டு அனுப்பியது அந்தச் சமயத்தில்தான். டிங்கர் ஷெட் நிற்கிற இடம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். “உன் முதலாளி அனுப்பினவன் என் கையை நாலு இடத்துல குத்தி நீலமாக்கிட்டான். என் நரம்பு உனக்குத்தான் அகப்படும், நீ வா” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

போனாள். கட்டுப் பிரித்தபின் முதல் ஊசி. விரல்கள் நடுங்கின. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்தினாள். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அப்பாடா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்த அந்த நொடியில் இடத்துக்காரம்மா பேச ஆரம்பித்தார்.

“உன் கை மாதிரியே உன் வீட்டுக்காரர் கையும் தங்கக் கைதான் போ. எங்க பொண்ணு காரைக் கொண்டுபோய்க் கம்பத்துல மோதிட்டாளே, முன்பக்கம் அப்படியே உள்ள போயிடுச்சு. ஷெட்டுக்குக்கூடக் கொண்டு போகல. இங்கயே கொட்டகைக் கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சு குடுத்தார். இப்பப் போய்ப் பாரு, அடிபட்ட இடம் எதுன்னு சொல்லிட்டா நான் உனக்கு அடிமை.”

“எப்பம்மா மோதினாங்க?”

“அட, நீ விழுந்தியே, அன்னைக்கேதான்! பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கிறா, மனுஷன் சாயங்காலம் அங்கேயிருந்து நேரா இங்க வந்து நிக்கிறார். வேலைன்னா அப்படி ஒரு இது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடணும்.”

குழாய் நிறைந்துவிட்டது. அவள் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொன்னாள். விரல்களில் நடுக்கம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வெளியே வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். வெண்ணெய் நிறக் கார். முன்பக்கத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். மேடு பள்ளம் இல்லை, நிறம் மாறவில்லை. அந்த வேதனையிலும், என்ன ஒரு வேலை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள்.

அவர் ஒரு கார்க் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இடத்துக்காரர் வீட்டு வண்டியை எப்பங்க செஞ்சீங்க?”

உப்புத்தாள் நின்றது. பொய்யைத் தேடுகிற முகம் எப்படி இருக்கும் என்று ஊசியக்காவுக்கா தெரியாது?

“அந்த வண்டியில என் சைக்கிள் பச்சை ஒட்டியிருந்துச்சா?”

“இருந்துச்சு” என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது. “தேய்ச்சு எடுத்துட்டேன்.”

“பார்த்தவுடனே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே சொல்லுச்சு, கம்பம் இல்ல, யாரோ சைக்கிள்ல போனவங்கன்னு. யாருன்னு அதுக்குத் தெரியல. அது நீதான்னு அவங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. போலீஸ் தேடி வந்து, அது அவங்க பொண்ணுன்னு ஆச்சுன்னா, இந்த ஷெட்டு நமக்கு இருக்குமா? தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? உனக்குந்தான் செஞ்சேன்.”

“எனக்கா? தானா விழுந்தேன்னு ஊரெல்லாம் சொன்னதும் எனக்குத்தானா? மொதலாளிகிட்டப் போய்த் தலைச்சுத்தல்னு சொன்னதும் எனக்குத்தானா?” அவள் குரல் உடைந்தது. “அந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னே தெரியாது, போயிட்டா. உங்களுக்குத் தெரியுமேங்க! அவ அடிச்சா. நீங்க பெயிண்ட் அடிச்சு மறைச்சீங்க. அதே கையால எனக்குச் சோறு ஊட்டுனீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க, அந்தச் சோத்தையே எனக்கு ஊட்டுறதை இப்பத்தான் பார்க்கிறேன்.”

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தப் பொண்ணை உள்ள தள்ளணும்னு எனக்கு ஆசையில்ல. போலீஸ்காரர் முன்னாடி வந்து, கார்தான் இடிச்சுதுன்னு, அதுல சைக்கிள் பச்சையை நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையில என் வேலை திரும்பி வந்துடும். மத்ததை நம்ம வீட்டுக்குள்ள பேசிக்கலாம்.”

“சொல்றேன். சத்தியமா சொல்றேன். காலையில போலாம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் நம்பினாள். அவளைப் பைத்தியக்காரி என்று நினைக்காதீர்கள். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நம்புவது ஒரு பழக்கம். பழக்கம் ஒரே நாளில் போகாது.

மறுநாள் காலையில் அவரே அவளுக்குத் தலை சீவி விட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அவள்தான் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள், ஷெட் போனாலும் இன்னொரு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

கண்ணாடி போலீஸ்காரர் நாற்காலியைக் காட்டினார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். போலீஸ்காரர் அவள் கணவர் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க, அந்த வண்டியில என்ன பார்த்தீங்க?” என்றார்.

டிங்கர் அவள் தோளில் மெதுவாகக் கையை வைத்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. தலையில தையல் போட்டதிலேர்ந்து இவ இப்படித்தான். யார் வீட்டுல எந்தக் காரைப் பார்த்தாலும் அதுதான் இதுங்கிறா. நான் எந்த வண்டியும் செய்யல. டாக்டர்கிட்டக் காட்டணும்னுதான் இருக்கேன். உங்களை அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க.”

அடப்பாவி! எவ்வளவு கனிவாகச் சொன்னார் தெரியுமா? அந்தக் குரலைக் கேட்டால் நீங்களும் நானும்கூட அவள் மேல்தான் இரக்கப்பட்டிருப்போம். போலீஸ்காரரும் அப்படித்தான் அவளைப் பார்த்தார்.

கத்தினால் பைத்தியம் என்பார்கள், அழுதால் மயக்கம் என்பார்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் போட ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் இத்தனை நாளாக மனசை அரித்த ஒரு சந்தேகம் அந்த இடத்தில் அடியோடு தீர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. அப்புறம் போனது. அவள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க” என்றார் போலீஸ்காரர்.

அவள் தோளிலிருந்த கையை எடுத்து விட்டாள். “சார், நான் ஒரு புகார் குடுக்கணும்.”

“அதான் குடுத்திருக்கியேம்மா.”

“அது கார் மேல. இது வேற. சாட்சியைத் தேய்ச்சு அழிச்சதுக்கு. இடத்துக்காரம்மாவைக் கேளுங்க, எந்தக் கார், எந்த நாள், யார் வந்து சரி பண்ணினதுன்னு அவங்களே பெருமையாச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் என் தலையில கோளாறா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிங்கரின் முகம் வெளுத்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

“யார் மேல புகார்?”

“இவர் மேல.”

தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கேட்டு எழுதுவதுதான் முறை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

“இவரு உனக்கு என்ன வேணும்?”

அவள் கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“ஒண்ணும் வேணாம் சார்” என்றாள்.