கடலில் இருப்பவருக்கு ஒரு செம்பு

அந்தோனியார்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் வேதக்காரன்தான், என்றாலும் ஒரு பாதுகாப்புக்கு நயினாதீவு அம்மனையும் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

எழுபத்துநாலாம் ஆண்டு உலக நாடுகளெல்லாம் கூடி, பூமியில் சனம் கூடிவிட்டது என்று மாநாடு வைத்தன. ஏழைகள் அளவில்லாமல் பெறுகிறார்கள் என்றார்கள் பணக்கார நாட்டார். நீங்கள் அளவில்லாமல் தின்கிறீர்கள் என்றார்கள் ஏழை நாட்டார். இந்தச் சண்டை தீருமுன்னே, ஒரு சிறு தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்று அளந்து பார்க்க, ஹான்சன் என்றொரு வெள்ளைக்காரர் எங்கள் தீவில் வந்து இறங்கினார். நயினாதீவுக்கு அப்பால், தேசப்படத்தில் ஈ எச்சம் போலத் தெரிகிற தீவு. எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு வரும் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

எங்களுக்கு இருந்தது ஒரேயொரு நன்னீர்க் கிணறு. துரை அதற்குள் கயிறு விட்டு அளந்தார். பிறகு வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினார். கிணறு தாங்குவதைவிடச் சனம் கூட என்றால், எங்களை எழுப்பி வன்னியில் குடியேற்றச் சொல்லி எழுதுவாராம். கூடத்தான் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். கடலில் போய் உடல் கரை சேராதவனை நாங்கள் செத்தவன் என்று சொல்வதில்லை. உப்புத் தண்ணீரில் கிடப்பவனுக்கு விடாய் அதிகம் என்று, பொழுதுபடும்போது அவன் வாசலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் வைப்போம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவனையும் சேர்த்துத்தான் சொல்வோம்.

இதைத் துரைக்கு விளங்கப்படுத்தினேன். அவர்கள் இறந்தவர்கள் என்று வீட்டாரே சொல்லட்டும், கழித்துவிடுகிறேன் என்றார். ஊரைக் காப்பாற்ற எல்லாரும் சொன்னார்கள். சொன்ன வீடுகளில் செம்பு வைப்பதும் நின்றது. அல்போன்சம்மா மட்டும் மறுத்தாள். அவள் புருசன் பத்திநாதர் வாடைக்காற்றில் கடலோடு போனவர். அந்த ஒரு தலையில் கணக்கு இடித்தது.

வள்ளச் சொந்தக்காரர் பஸ்ரியாம்பிள்ளை அவள் படலையில் போய் நின்றார்.

“ஒரு சொல்லுத்தானே, பிள்ளை. இண்டைக்குச் சொல்லிப்போட்டு, நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யன்.”

“சொன்னா அந்தாள் பிறகு ஆரிட்டைத் தண்ணி கேக்கும், அண்ணை?”

பஸ்ரியாம்பிள்ளை திரும்பி வந்துவிட்டார்.

அன்று பொழுதுபட, துரை அவள் முற்றத்தில் கதிரை போட்டுக் குந்தினார். நான் பக்கத்தில் நின்றேன். காற்று விழுந்துவிட்டது, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வாசலில் இருந்த செம்பில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கவே அடி தெரிந்தது. மணலில் ஈரக் கால்தடங்கள். ஒருவருடையவை அல்ல. வேறு வீடுகளில் செம்பு இல்லாதவர்களெல்லாம் அங்கேதான் வந்திருந்தார்கள். கடலிலிருந்து வந்த தடங்கள் வாசலில் நெருக்கியடித்து நின்று, பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பின. கப்பி கிறீச்சிட்டது.

விசயம் தெரிந்ததும் ஊர் முழுக்கச் செம்பு வைக்கிற சத்தம் கேட்டது.

“இவர்கள் தின்பதில்லை, பெருகுவதில்லை, ஒரு செம்போடு போய்விடுவார்கள்” என்றார் துரை. “மாநாட்டில் எல்லாரும் தேடிய சனம் இதுதான்.” பகிடிக்குச் சொன்னதாக்கும் என்று பார்த்தேன். அவருக்குப் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் வள்ளக்காரன் திரும்பிப் பார்த்தபோது, துரை இருந்த இடத்தில் ஈரத் தொப்பி மட்டும் கிடந்தது. எழுதியதெல்லாம் அவரோடு போனதால் எங்களை ஒருவரும் எழுப்பவில்லை.

அல்போன்சம்மா இப்போதும் பத்திநாதருக்குச் செம்பு வைக்கிறாள். பக்கத்தில் துரைக்கு ஒரு வாளி. அவருக்கும் முதலில் செம்புதான் வைத்தவள். பணக்கார நாட்டாருக்கு அது காணாது போலும், விடியப் பார்த்தால் செம்பு நசுங்கிக் கிடந்தது.

அம்மனும் சாட்சிக்கு இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தீவில் கிணறே கிடையாது. குடிதண்ணீர் அன்றும் இன்றும் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில்தான் வருகிறது.