மனைவியை வேலைக்கு வைத்தல்

1

2018 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. உருகுவே நாட்டின் பைசாந்து நகர நீதிமன்றம் எலிதா பெரெய்ராவுக்கும் குவால்பெர்த்தோ சோசாவுக்கும் விவாகரத்து வழங்கியது.

இந்தக் கதை பிறந்தது அந்த நீதிமன்ற வராந்தாவில். வேறொரு வழக்கைப் பற்றிச் செய்தி எழுதக் காத்திருந்தேன். தீர்ப்பு வாங்கி வெளியே வந்த எலிதா, சக்கர நாற்காலியில் இருந்த குவால்பெர்த்தோவின் மூக்கைத் துடைத்துவிட்டு, "அடுப்ப அணைச்சேனான்னே தெரியல கிழவா, சீக்கிரம் போலாம்" என்றாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "காதல் முடிந்த அன்று மழை பெய்துகொண்டி—"

வேண்டாம். மழை பெய்யவில்லை. காதலும் முடியவில்லை.

ஆரஞ்சு லாரியிலிருந்து விழுந்த குவால்பெர்த்தோவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள அரசு பணம் தருகிறது. ஆனால் மனைவியை வைக்கக் கூடாது. சேர்ந்து வாழ்பவரையும் கூடாது. (சட்டம் கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்டதல்ல. வீட்டுப் பெண்களைக் கட்டிலோடு கட்டிப்போடக் கூடாது என்றே எழுதினார்கள். கட்டிலருகே இருக்க விரும்பும் பெண் என்ன சாப்பிடுவாள் என்பதை எழுதவில்லை.) அந்நியர் கையால் குளிக்க அவன் மறுத்தான். அவனுக்காக ஹோட்டல் வேலையை விட்டிருந்த எலிதாவுக்கு வருமானம் இல்லை.

ஆகவே விவாகரத்து. எலிதா பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். தங்கை வீட்டு முகவரிக்கு மாறினாள். தன் வீட்டுக்கே காலையில் வேலைக்கு வந்தாள்.

3

குவால்பெர்த்தோ எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவனைப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். எலிதா படித்துச் சிரித்தாள்: "யாருய்யா இது? பாதிரியாரா?"

உண்மையில் அவன் முதலாளியாக இருப்பதை அனுபவித்தான்.

"பணியாளரே, மாத்தே டீ கலந்து கொண்டாங்க."

"மூஞ்சியிலயே ஊத்தறேன் முதலாளி."

4

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பமேலா சின்னப் பெண். எலிதா அன்று ஏப்ரன் கட்டி, பவ்யமாக நின்றாள்.

"ஐயா, மாத்திரை."

"அப்புறம் பாக்கலாம்."

"இப்பவே போட்டுக்கணும் ஐயா."

"இந்த 'ஐயா' நல்லாருக்கே. இன்னொரு தடவ சொல்லு."

"வாயத் தொறடா எருமை! நேத்தும் இப்படித்தான் சொல்லிட்டு ராத்திரி பூரா காய்ச்சல்ல பொலம்பின. நாந்தான முழிச்சுக் கெடந்தேன்!"

[இங்கே ஒரு பத்தி மௌனம் எழுதினேன். அடித்துவிட்டேன். மௌனம் அவ்வளவு நீளமாக இல்லை.]

"ராத்திரியும் இங்கதான் இருக்கீங்களாம்மா?" என்றாள் பமேலா.

குவால்பெர்த்தோ சொன்னான்: "அவ இல்லன்னா நேத்தே செத்திருப்பேன் பொண்ணே. அதையும் எழுதிக்க."

"எனக்குப் புரியுது சார். எழுதத்தான் முடியாது."

5

முடிவு அ: பமேலா பேனாவை மூடிவிட்டுப் போய்விடுகிறாள். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் பமேலா பொய்யாகத் தெரிந்தாள்.

முடிவு ஆ: இருவரும் மறுபடி மணம் செய்துகொள்கிறார்கள், தேவாலய மணி அடிக்கிறது. வேண்டுகிற வாசகர் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் அவரே எழுத வேண்டும்.

முடிவு இ: ஒருநாள் காலை எலிதா வேலைக்கு வருவதில்லை. வரவே—

இதை அவளிடம் சொன்னேன். "அத எழுதாத. படிச்சுக் காட்டச் சொல்வான். நாந்தான படிக்கணும்" என்றாள்.

நடந்தது இது. பமேலா பார்த்ததை எழுதிக் கொடுத்தாள். எலிதாவின் நியமனம் ரத்தானது. குவால்பெர்த்தோவுக்கு வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். இப்போது அவள்தான் குளிப்பாட்டுகிறாள். எலிதாவின் சான்றிதழ் செல்லுபடியானது என்பதால், நகரின் மறுகோடியில், பக்கவாதம் வந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவரை அவள் தினமும் குளிப்பாட்டுகிறாள். சம்பளம் அதேதான்.