விட்டுப்போன க்

கதவைத் திறக்க வந்த கேப்டன் சாவியைப் பூட்டில் நுழைக்காமல் நின்றுவிட்டார். கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த அறிவிப்பில் யாரோ சிவப்புப் பேனாவால் கைவைத்திருந்தார்கள். 'இவ்விடத்தில் மதுகூடம் நடத்த உரிமம் கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்' என்பது வாசகம். மதுவுக்கும் கூடத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு கூரைக் குறி, அதற்கு மேலே ஒரு 'க்'. எட்டாத உயரத்தில் எக்கி எழுதியதால் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. புள்ளியைப் புள்ளியாக வைக்காமல் குட்டி வட்டமாகப் போட்டிருந்தது. அப்படிப் போடுகிற ஒரே ஆளைத்தான் அவருக்குத் தெரியும். அது அவருடைய அக்கா.

கேப்டன் என்றதும் கப்பலையோ பட்டாளத்தையோ நினைத்துவிட வேண்டாம். பெரிய ஓட்டல்களில் மேஜை மேஜையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறவருக்கும் அதுதான் பட்டம். ஊர் ஊராக அந்த வேலையைப் பார்த்துத் தலை நரைத்த பிறகு, சேர்த்ததையெல்லாம் கொட்டி ஒரு பழைய மாடிக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மேலே தங்கும் அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம், அதன் ஓரத்தில் ஒரு பார். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம் கேட்டால் வேலையைச் சொல்வார், வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அக்கா ஒருத்திதான் இருந்தாள்.

அக்கா அதே தெருவின் கோடியில் இருக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது, அவளும் பிழையைச் சும்மா விடமாட்டாள். அவர் வெளியூர்களிலிருந்து எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களில் முதல் பத்தி முழுக்க அவர் விட்ட ஒற்றுகளாகவே இருக்கும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த முதல் பத்திக்காகவே அவர் சில சமயம் அவசரமாக எழுதுவதுண்டு.

கட்டடத்தின் வரைபடத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டிய நாளோடு எல்லாம் முடிந்துபோனது. கூடத்தின் ஓரத்தில் இருந்த கட்டத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். பார் என்றார். அவள் வீட்டுக்காரர், இவருக்கு மாமா, குடித்தே போய்ச் சேர்ந்தவர்.

"என் வீட்டுல நடந்ததையெல்லாம் கூட இருந்து பாத்தவன் நீ. அத்தனையும் பாத்துட்டும் பாரா?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

"குடிக்கிறவன் எங்கயாவது போய்க் குடிக்கத்தான்கா செய்வான்."

"அந்த எங்கயாவது உன் எடமாத்தான் இருக்கணுமா?"

வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. காலையில் அச்சகத்துக்குப் போகும்போது, இவர் வாசல் வருவதற்கு முன்பே எதிர்வரிசைக்கு மாறிவிடுவாள். கூடத்துக்குள் நாற்காலிகளை நேர்ப்படுத்துகிற சாக்கில் அவர் தினமும் அதைப் பார்ப்பார். குடை, தோள்பை, குனிந்த தலை. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு எழுத்துக்காக ரோட்டைக் கடந்து வந்திருக்கிறாள். இந்த வாசலில் நின்றிருக்கிறாள். கேப்டன் கதவைத் திறந்து உள்ளே போய், வெறும் கூடத்தில் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று மாலை சரக்கு பார்க்க வெளியே போகாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மதியம் உரிம அலுவலக இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். தீயணைப்புக் கருவி, பின்வாசல், கழிப்பறை எல்லாவற்றிலும் திருப்தி. போகிற நேரத்தில் கதவைப் பார்த்து நின்றார்.

"யாரு சார் இதுல கை வெச்சது?"

"தெரியலைங்க. தப்பா இருந்ததைத் திருத்தியிருக்காங்க, அவ்வளவுதான்."

"திருத்தினாலும் மாத்தினதுதான். அறிவிப்புல ஒரு எழுத்து மாறினாலும் செல்லாது. வேற ஒட்டுங்க, கெடு மறுபடி மொதல்லேருந்து ஓடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆளு தெரிஞ்சா சொல்லுங்க. புகார்னு ஒண்ணு போட்டுட்டா இதையே செல்லும்னு நான் எழுதிடறேன்."

"தெரியாதுங்க."

"உங்க இஷ்டம். இதுவரைக்கும் ஒரு ஆட்சேபணைகூட வரலை, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஆனா அடுத்ததுலயும் யாராவது கிறுக்கினா, பழையபடி மொதல்லேருந்துதான். பாத்துக்குங்க."

அதிர்ஷ்டம் என்று கேப்டனுக்குத் தோன்றவில்லை. அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து அக்காவின் ஆட்சேபணை வரும் என்று பயந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஓர் ஆசையும் இருந்தது. ஆட்சேபணை என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்காரவைப்பார்கள். அவள் திட்டினாலும் அவரைப் பார்த்துத்தானே திட்டவேண்டும். இப்போது பார்த்தால் அவள் 'ஆட்சேபணை உள்ளவர்கள்' என்ற வரியைத் தொடவே இல்லை. அது அவருக்குத் தந்த சம்மதமா, தம்பியைத் தலைமுழுகியதா என்று விளங்கவில்லை.

சமையல் மாஸ்டர் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"அண்ணே, போன் பண்றவங்க எல்லாம் பார் இருக்கான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. இல்லைன்னதும் வெச்சிடறாங்க. இந்தத் தடவை பொறுத்துக்கறேன். இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா நான் பழைய எடத்துக்கே போயிடறேன், கோச்சுக்காதீங்க."

"கோவம் என்ன மாஸ்டர். நியாயம்தானே."

நியாயம்தான். மாஸ்டர் போய்விட்டால் அடுப்பு இல்லை, உரிமம் இல்லாவிட்டால் ஆள் இல்லை. இரண்டும் இல்லாமல் குத்தகையை எத்தனை மாதம் இழுத்துவிட முடியும். இதெல்லாம் கேப்டனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் சாயங்காலம் டைப்பிங் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண் பழைய வாசகத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

"சார், இதுல மதுக்கூடத்துக்கு க் விட்டுப்போச்சு. நான் அடிச்சதுதான், சாரி. போட்டுடறேன்."

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"விண்ணப்பிக்கப்பட்டுள்ளதுன்னு இருக்கு பாரு, அதுல நடுவுல இருக்கற ப்-பையும் எடுத்துடு."

"தப்பாயிடுமே சார்."

"ஆகட்டும். தெரிவிக்கலாம்ல வர்ற க்-கையும் எடுத்துடு."

"யாராவது படிச்சா சிரிப்பாங்க சார்."

"சிரிக்கமாட்டாங்க. இவ்வளவு தப்பு இருந்தா கொஞ்ச நேரம் நிக்கவேண்டி வரும்," என்றார் கேப்டன். அந்தப் பெண் சொன்னபடியே அடித்துக் கொடுத்தாள். காசை வாங்கும்போது மட்டும் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

பழைய அறிவிப்பை ஈரத்துணி வைத்துக் கிழியாமல் உரித்து, கல்லாவுக்குள் வைத்தார். புதியதை யாரும் எக்கத் தேவையில்லாதபடி ஒரு சாண் இறக்கி ஒட்டினார்.

மறுநாள் காலை, யாரும் இதுவரை வாய்வைத்துக் குடிக்காத கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் இன்னும் வரவில்லை. வெயில் விழுந்த காகிதத்தின் முதுகில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. காகிதத்துக்குக் கீழே செருப்புகளும் சைக்கிள் சக்கரங்களும் போய்க்கொண்டிருந்தன. எதுவும் நிற்கவில்லை. துடைத்த டம்ளரையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

பிறகு காகிதத்தில் ஒரு நிழல் விழுந்தது. போகவில்லை.

கேப்டன் டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் கேட்டுவிடும் என்று கையிலேயே பிடித்தபடி, பேனா மூடி திறக்கிற ஓசைக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.