காய்ச்சலில் செத்த அரசன்

"மாத்திரையில விஷம் கிஷம் கலக்கலியே?" என்று கேட்டுப் பல்லைக் காட்டுகிறவர்களை மருந்துக்கடைக்காரி எத்தனையோ வருஷமாகப் பொறுத்திருந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா அரண்மனைச் சமையல்காரர். பாலில் விஷம் வைத்து அரசனைக் கொன்றவர் அவர்தான் என்பது ஊரறிந்த கதை. உண்மையைத் தவிர எல்லாமே அதில் இருந்தது.

அன்று பள்ளி விட்டதும் தம்பி மகள் நேரே கடைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, நான் குடுத்த பிஸ்கட்டை யாருமே தொடல. விஷக்காரன் வீட்டுப் பொண்ணாம். நேத்து ஸ்கூல்ல எங்கள அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? அங்க அப்பாதான் அந்தக் கதையச் சொன்னாரு."

தம்பி அரண்மனையில் வழிகாட்டி. மருந்துக்கடைக்காரிக்கு உச்சிமண்டை வரை எரிந்தது. பிள்ளையைப் பக்கத்துக் கடையில் உட்கார வைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அரண்மனைச் சமையலறையில் ஒரு கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. "இந்த அடுப்புலதாங்க அந்தப் பாவி பாலைக் காய்ச்சினான்..." என்று தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு கேள்வி," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அரசன் செத்த வாரமே சமையல்காரரும் செத்தாரு. ஊர்ல பாதிப் பேரு செத்தாங்க. அத்தனை பேருக்கும் அவரேதான் பால் காய்ச்சிக் குடுத்தாரா?"

கூட்டத்தில் ஒருவர் செல்போனை நீட்டினார். "விஷம்னுதாம்மா இதுல போட்டிருக்கு."

"போட்டவனுக்குச் சொன்னதே இவன்தான்! அந்தச் சமையல்காரரு இவனோட சொந்தக் கொள்ளுத்தாத்தா!"

"அப்போ இவரு காட்டின சுரங்கப்பாதையாவது நெஜமா?" என்றாள் தொப்பி போட்ட ஒரு பெண்.

"அது சாக்கடை!"

தம்பி அவளை வெளியே இழுத்து வந்தான். "என் பொழப்புல மண்ணப் போடாதக்கா. காய்ச்சல்ல செத்த ராஜாவப் பாக்க எவன் வருவான்?"

"வராட்டிப் போகட்டும். உன் பொண்ணு குடுத்த ஒரு பிஸ்கட்டக்கூட எந்தப் புள்ளையும் வாங்கித் திங்கல. விஷக்காரன் வீட்டுப் பொண்ணாம். தெரியுமா உனக்கு?"

அவன் முகம் செத்துப்போனது. "அவளையா சொல்றாங்க?"

"பின்னே உன்னையா சொல்வாங்க? நீதான் கதை சொல்றவனாச்சே!"

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டபடி போனான். அவள் வாசலில் நின்று காது கொடுத்தாள்.

"காய்ச்சல்தாங்க," என்றான் அவன். "கொள்ளைக் காய்ச்சல். சமையல்காரரும் அதுலதான் போனாரு. எங்க கொள்ளுத்தாத்தா."

ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு பேர் சாக்கடையைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவளுக்கு மனம் ஆறவில்லை. 'இதைச் சொல்ல இத்தனை வருஷமா வாயில்லாம போச்சா?' என்று முணுமுணுத்தபடி, அடுத்த கூட்டத்துக்கும் அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க அங்கேயே நின்றாள்.