ஆடிக்கு ஒரு சீசன்

சீசன் என்பது மழையோடும் வெயிலோடும் வருவது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாத் துறையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது சர்க்குலரோடு வருவது என்று தெரிந்தது. சித்திரை வைகாசியில் ஊட்டிக்கு நாங்கள் ஆள் பிடிக்க வேண்டியதில்லை, வெயிலே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். ஆனி ஆடியில் பஸ்கள் சும்மா நிற்கும். பஸ் சும்மா நின்றால் மேலே இருப்பவர்களுக்குச் சோறு இறங்காது. அப்படித்தான் 2007-இல் ஒரு சர்க்குலர் வந்தது. 'ஆடிச் சாரல் சுற்றுலா. ஒரே நாள். திருமூர்த்தி அருவி, அமராவதி அணை, பூங்கா, முதலைப் பண்ணை. மதிய உணவு உண்டு.'

அப்போது நான் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தேன். தற்காலிக உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டிப்பார்கள், மனம் வராவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து என்னை மேய்க்கும் அதிகாரி சென்னிமலை சார். மீட்டிங்குக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார்.

"பூங்குழலி, ஆடிக்குள்ள ஒரு பஸ்ஸாவது ரொம்பிப் போகோணும். போனதுக்குச் சாட்சியா ஒரு போட்டோ வேணும். அணை பின்னால தெரியோணும், சனங்க சிரிச்சிட்டு நிக்கோணும். அதை வெச்சுத்தான் புது பிரோச்சர். இல்லீன்னா திருப்பூர் கவுன்டரை மூடிப்போடலாம்னு மேல பேசிக்கறாங்க."

கவுன்டரை மூடினால் எனக்கு என்ன இருக்கிறது? பனியன் கம்பெனி இருக்கிறது. என் அம்மா மங்கலத்தில் இருபது வருடம் தறி ஓட்டியவள். அந்தச் சத்தத்தில் காது போய், இன்று பக்கத்தில் போய்க் கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பாள். "நீ உக்காந்து வேலை பாக்கோணும் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தபாலில் பட்டம் வாங்க வைத்தவள். அவளிடம் போய், நானும் டிபன் பாக்ஸோடு காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன் என்று எப்படிக் கத்திச் சொல்வது?

மூன்று வாரம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன்களின் ஸ்டூல் எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் எவள் ஊர் சுற்றப் போவாள்? ஆறு நாள் அழுக்குத்துணி காத்துக் கிடக்கும். துவைத்து, கறி எடுத்து, ஆக்கித் தின்று, படுத்தால் திங்கட்கிழமைதான். எனக்கே அது தெரியும். தெரிந்தும் நோட்டீஸ் கொடுத்தேன், சம்பளம் அதற்குத்தானே.

கடைசியில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மாட்டினார் டேனியல். ஆள், அம்பு, ஆடிட் எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீசர். என் நோட்டீஸைப் படித்ததும் எழுந்தே விட்டார்.

"மேடம், கர்த்தராப் பாத்து உங்களை அனுப்பியிருக்காரு. நம்ம துணியை வாங்கற வெளிநாட்டு பையரு அனுப்பற ஆடிட் லிஸ்ட்ல 'தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு வசதி உண்டா'ன்னு ஒரு கேள்விங்க. மூணு வருசமா கேரம் போர்டைக் காட்டிச் சமாளிச்சிட்டு இருக்கறனுங்க. ஒரு பஸ் எழுதிக்குங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவின் காதில் கத்தினேன். அவள் பாயசம் வைத்தாள். டூருக்கு முந்தின சனிக்கிழமை கம்பெனிக்கு ஷிப்மென்ட், ராத்திரியே சரக்கு ஏற்றியாக வேண்டும் என்று டேனியல் என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ்ஸோடு கம்பெனி வாசலில் நின்றேன். புதுப் புடவை, பூ, கும்மாளம் என்று ஏதேதோ எதிர்பார்த்திருந்தேன். முப்பத்தெட்டுப் பெண்கள் கம்பெனிக்குள்ளிருந்து வந்தார்கள். தலையில் நூல் பிசிறு. கண்கள் மிளகாய்ப் பழம். டேனியலும் அவர்களுக்குப் பின்னால் சட்டை கசங்கி வந்தார்.

"கன்டெய்னர் அஞ்சு மணிக்குத்தான் கெளம்புச்சுங்க மேடம்" என்றார். "நைட்டு ஃபுல்லா ஓடுச்சு. டூர் கம்பல்சரின்னு சொல்லிட்டனுங்க, ஒருத்தியும் ஊட்டுக்குப் போகலை." சொல்லிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் நகர்வதற்குள் குறட்டை கேட்டது.

பல்லடம் தாண்டுவதற்குள் பஸ்ஸே ஒரே குறட்டையாகிவிட்டது. ஒருத்தி தோளில் ஒருத்தி, அவள் மடியில் இன்னொருத்தி. நான் மைக்கைத் தட்டினேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த பேச்சு. "அன்பான சுற்றுலாப் பயணிகளே, இடது பக்கம் காற்றாலைகளைப் பாருங்கள்" என்றேன். பயணிகள் யாரும் பார்க்கவில்லை. டிரைவர் கன்னையண்ணன் மட்டும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஜன்னல் வழியே அந்தக் காற்று அப்படி அடித்தும் ஒருத்திக்கும் இமை அசையவில்லை.

மூன்றாவது சீட்டிலிருந்த நடுவயதுக்காரி முந்தானையை விலக்கி ஒரு கண்ணைத் திறந்தாள். பெயர் கருத்தம்மா, செக்கிங் பிரிவு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவள்.

"ஏ தாயி, அதக் கொஞ்சம் அமத்தேன். ரா முச்சூடும் மிசினு சத்தம். இப்ப நீயுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவர்களுக்காகத்தானே இத்தனை நாய்ப்பாடு என்று நினைத்தேன். இவர்களுக்காக இல்லை, எனக்காக என்பது அப்போது உறைக்கவில்லை.

திருமூர்த்தி மலையில் பஸ் நின்றது. அருவியில் நல்ல தண்ணீர். இரண்டு பேர் இறங்கினார்கள். பாத்ரூம் போய்விட்டு வந்து மறுபடியும் படுத்துக்கொண்டார்கள். அமராவதி நகரில் அணைக்குப் பக்கத்துப் புளியமர நிழலில் கன்னையண்ணன் வண்டியை நிறுத்தும்போது மணி பதினொன்றரை. முப்பத்தெட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் அப்படியே இருந்தது. நான் படியில் உட்கார்ந்து என்னுடையதைத் தின்றேன்.

"உடு அம்மிணி, தூங்கட்டும்" என்றார் கன்னையண்ணன். "இருவது வருசமா டூர் வண்டி ஓட்டறேன். வாந்தி எடுக்காத, சண்டை போடாத பார்ட்டிய இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"போட்டோ வேணுமுங்கண்ணா."

"பஸ்ஸை எடுத்துக்க."

"உங்களுக்கென்ன, நீங்க பர்மனென்ட்" என்று எரிந்து விழுந்தேன். அவர் துண்டை விரித்து மரத்தடியில் சாய்ந்துகொண்டார்.

இரண்டு மணிக்குச் சென்னிமலை சார் போன் செய்தார். "எடுத்தாச்சா?"

"எடுத்துட்டே இருக்கறனுங்க சார்."

"சிரிக்கறாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிக்கறாங்க சார்."

"நாளைக்குக் காத்தால பிரஸ்ஸுக்குப் போகோணும். கருத்துப் படிவம் முப்பதுக்குக் கொறையக் கூடாது. மேல கேட்டாங்கன்னா உன்ற பேரைத்தான் சொல்லுவேன், பாத்துக்க."

பஸ்ஸுக்குள் ஏறிக் கையைத் தட்டினேன். "எந்திரிங்க, எந்திரிங்க, அணையைப் பாக்க வேண்டாமுங்களா? முதலை இருக்குதுங்க!" என்று கத்தினேன். நாகஜோதி என்றொரு டெய்லர் பெண் திடுக்கென்று எழுந்து, "பெல் அடிச்சிருச்சாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் சரிந்துவிட்டாள். ஒருத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது, அவ்வளவுதான்.

மூன்றரைக்கு மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் போனால் போட்டோ இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கருத்தம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில், நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. ஒரே ஒரு போட்டோ. இல்லீன்னா என்ற வேலை போயிருமுங்கக்கா."

அவள் கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை இரண்டு கண்ணையும் திறந்தாள்.

"நெசமாவா?"

"ஆமாங்க."

அவள் எழுந்து நின்று முந்தானையை உதறினாள். "ஏ புள்ளைகளா, எந்திரிங்கட்டி! இந்தப் புள்ளைக்குச் சோலி போயிருமாம்!"

நான் நாள் முழுக்கக் கத்தியதற்கு அசையாத பஸ் அது. ஒரு நிமிடத்தில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. பைப்படியில் வரிசையாக முகம் கழுவினார்கள், ஒரே சீப்பு முப்பத்தெட்டுத் தலையில் ஓடியது. யாரோ போய் டேனியலையும் எழுப்பி, "சார், சட்டைய உள்ள விடுங்க" என்றார்கள். அணை பின்னால் தெரிகிற மாதிரி புல்வெளியில் நான் சொல்லாமலே மூன்று வரிசையானார்கள்.

"மூஞ்சி சின்னதா இருக்கவள பின்னால நிறுத்துட்டி" என்றாள் நாகஜோதி. இரண்டு பெண்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் மறைத்தாள்.

"ஏனுங்க, அவங்க முன்னாடி நிக்கட்டுமே" என்றேன்.

"ஐயோ, பழக்கதோசம்க்கா." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆடிட்டுக்கு வாறவுக வயசக் கேப்பாகள்ல."

நான் கேமராவை உயர்த்தினேன். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சிரித்துவிட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாக, சுவிட்சைத் தட்டிய மாதிரி சிரித்தார்கள். எத்தனை அழகான சிரிப்பு! பல் தெரிய, கண் சுருங்க, களைப்பின் சுவடே இல்லாமல். நான்கு படம் எடுத்தேன். நான்கிலும் அதே சிரிப்பு, ஒரு மயிரிழை மாறவில்லை. கேமராவை இறக்கியதும் அது போய்விட்டது.

"நல்லா சிரிச்சீங்கக்கா" என்றேன், வேறென்ன சொல்வது.

"ஆடிட்டுக்கு வருசத்துக்கு நாலு தடவ சிரிக்கோம்ல" என்றாள் கருத்தம்மா. "அந்தத் தாளக் கொண்டா."

கருத்துப் படிவங்களைக் கொடுத்தேன். இதை எப்படி நிரப்புவது என்று விளக்க வேண்டும், அரை மணி நேரமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். அதுவும் எனக்கு மிச்சம். "குறைன்னு கேட்டிருக்க எடத்துல இல்லைன்னு போடுங்கட்டி" என்று ஒருத்தி சொன்னாள். "எல்லாரும் ஒரே மாதிரி எழுதாதீக. நாலு பேரு 'மிக்க மகிழ்ச்சி', நாலு பேரு 'நன்றாக இருந்தது'. பேனாவ மாத்தி மாத்தி வாங்கிக்கோங்க, ஒரே மையின்னா சந்தேகப்படுவாக." பத்து நிமிடத்தில் முப்பத்தெட்டும் என் கையில் இருந்தன. 'மிகவும் பிடித்த இடம்' என்பதற்கு நாகஜோதி முதலைப் பண்ணை என்று எழுதியிருந்தாள். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

திரும்பும்போது தூறல். நான் மைக்கைத் தொடவில்லை.

திங்கட்கிழமை சென்னிமலை சார் படத்தைப் பார்த்து மேஜையைத் தட்டினார். "இதுதான் சீசன்! இந்த மொகங்களைப் பாரு, எத்தனை சந்தோசம்!" என்றார். பிரோச்சர் வழவழ தாளில் வந்தது. 'ஆடிச் சாரலில் ஆனந்தத் திருப்பூர்' என்று தலைப்பு. எனக்கு ஆறு மாதம் நீட்டிப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு தாள் வந்தது. திட்டம் பெருவெற்றி அடைந்ததால், அதே கம்பெனிக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு, பங்குனி முடிய. ஆடி போனால் ஆவணி, ஆவணி போனால் புரட்டாசி, பிறகு மார்கழிக் குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசன் பெயர் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புதுப் படம் கட்டாயம். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது, ஆடிட்டில் மார்க் ஏறுமாம். நான் சென்னிமலை சாருக்குப் போன் போட்டேன்.

"சார், அவங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு நாளுதானுங்க."

"படிவத்துல ஒருத்தராவது அப்படி எழுதியிருக்காங்களா?"

எழுதவில்லை. எல்லாப் படிவத்திலும் 'மீண்டும் வருவீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்றே இருந்தது. எனக்காகத்தான் அப்படி எழுதினார்கள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே வாசலில் நின்றேன். முந்தின ராத்திரியும் ஷிப்மென்ட். கேட் திறந்தது, அவர்கள் வந்தார்கள். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒருத்தியும் திட்டவில்லை. கருத்தம்மா கம்பியைப் பிடித்துப் படியேறி என் முன்னால் நின்றாள்.

"சோலி நெலச்சிருச்சா தாயி?"

"நெலைச்சிருச்சுங்கக்கா."

"அப்பச் சரி. போட்டோ எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்குங்க."

"மூணே முக்காலுக்கு எழுப்பி விட்ரு. மூஞ்சி கழுவணும்ல."

அவள் சீட்டில் சுருண்டு, முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். மன்னிச்சுக்குங்கக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.