ஹௌதாலா தொடாத துப்பாக்கி

அம்மாவை அடக்கம் செய்த ஒன்பதாவது நாள் ஹௌதாலா வந்தான். வருவான் என்று எனக்குத் தெரியும். அவன் வரவேண்டும் என்றுதான் மரண அறிவிப்பில், "இவரது காலஞ்சென்ற கணவர் பெயர்பெற்ற மான் வேட்டைக்காரர்" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

குடியேறிகளின் சுரங்க ஊரான எங்கள் கிவிலாம்பியில் எல்லோருமே பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்போம், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்க. வால்ஃப்ரிட் ஹௌதாலா மட்டும் பென்சிலோடு படிப்பான். இந்த ஊரில் எந்த ஆண் செத்தாலும் வீட்டில் ஒரு துப்பாக்கி மிஞ்சும், அதன் மதிப்பு பெண்டாட்டிக்குத் தெரியாது. ஒரு வாரம் அழவிட்டு, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். பழைய துப்பாக்கி வியாபாரத்தில் அவன் இப்படித்தான் பெரிய ஆளானான்.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவிடம் எண்கோணக் குழல் வைத்த பழைய லீவர் ரைபிள் ஒன்று இருந்தது. சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்து, அதுவும் இரண்டாம் கையாக வாங்கியது. அதில்தான் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். அந்த நவம்பரில் அதை நான் காட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஹௌதாலா வந்து காபி குடித்திருக்கிறான். லீவரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டி, "ஹில்யா, இது பின்பக்கமா வெடிக்கிற சாதி. பொண்ணு கைல குடுத்தீங்க, கண்ணு போயிடும். எங்கிட்ட குடுங்க, உடைச்சுப் போட்டுடறேன்" என்றிருக்கிறான். அம்மா அவன் கொடுத்த எண்பது டாலரை வாங்கிக்கொண்டு, என் கண்ணைக் காப்பாற்றியதற்காக நன்றியும் சொல்லி, இன்னொரு கோப்பை காபியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அவன் எதையும் உடைக்கவில்லை. அந்த நவம்பரிலேயே, வேட்டைக் காலத்தின் முதல் நாள், அதே ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மான் கம்பத்தின் கீழே நின்றான். ஊர் நடுவில் இரண்டு தூண்களுக்கு மேல் ஒரு நீளமான கட்டை கிடக்கும். முதல் நாள் விழுந்த கொம்பு மான்களை எல்லாம் அதில் தொங்கவிட்டு எடை போடுவார்கள். ஊரே அங்கே இருக்கும். அம்மாவும் இருந்தாள், பார்த்தாள். அதன்பிறகு அவள் ஊருக்குள் போவதை விட்டாள். சர்ச்சில் காபிக்குக்கூட உட்கார மாட்டாள். பதினாறு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவனுக்கு ரெண்டாவது காபி வேற குடுத்தேனே சென்யா" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான். அந்த ரைபிளை அவனே தன் கையால் என்னிடம் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். எனக்கு மன்னிக்கும் சுபாவம் கிடையாது, இருப்பதாக நான் நடித்ததும் இல்லை.

நான் பக்கத்து நகரமான மார்க்வெட்டில் பதினான்கு வருஷமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். அதனால் ஹௌதாலா போன்றவர்களின் ஒரு பழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். எதன்மேல் ஆசையோ அதை அவர்கள் தொட மாட்டார்கள். தொட்டால் விற்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், விலை ஏறிவிடும். பக்கத்திலிருக்கும் உதவாக்கரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கியை வாங்குகிற எவனும் முதலில் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பார்ப்பான். பிறகு விரலில் தொங்கவிட்டுத் தட்டுவான். நல்ல குழல் மணி மாதிரி நாதம் தரும், கெட்டுப்போனது தகர டப்பா மாதிரி சத்தம் போடும். ஹௌதாலா ஊரார் குழலையெல்லாம் தட்டிப் பார்த்தவன். ஆசை வந்துவிட்டால் மட்டும் தட்டமாட்டான்.

எனவே அவன் ஆசைப்படும்படி ஒரு ரெட்டைக்குழலைச் செய்தேன். பழைய சாமான் சந்தையில் பொறுக்கியவை எல்லாம். பறவைகள் செதுக்கிய, விலை உயர்ந்த இங்கிலீஷ் பக்கத் தகடுகள் ஒரு துப்பாக்கியிலிருந்து, வால்நட் மரப் பிடி இன்னொன்றிலிருந்து. குழல்கள் மூன்றாவதிலிருந்து, உள்ளே துரு தின்று, காகிதம் போல மெலிந்தவை. தோட்டாவை அடிக்கும் ஊசிகள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டேன். அவனை அவமானப்படுத்தத்தான் நினைத்தேன், கொல்ல அல்ல. மேலே புகைக்கரி பூசி, ஸௌனா என்னும் நீராவிக் குளியல் அறையின் முன்கட்டில் துடைப்பங்களுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். பக்கத்தில் அம்மா நரிக்கு வைத்திருந்த ஒற்றைக்குழல்.

வந்தவன் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னான். ரொட்டியை நானே வெட்டினேன். சாமான்களைக் காலி செய்கிறேன் என்றதும் முன்கட்டுக்கு வந்தான். துடைப்பங்களின் பக்கம் ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒற்றைக்குழலைக் கையில் எடுத்துக் கால் மணி நேரம் அதன் குறைகளைப் பட்டியல் போட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. நான் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

கடைசியில் போகிற போக்கில் சொல்வது போல, "அந்த மூலைல கெடக்கறதையும் சேத்து எடுத்துக்கறேம்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. உங்கப்பாவோடதா?" என்றான்.

"இல்ல, எங்கேருந்தோ வந்தது. ஓடுமான்னுகூடத் தெரியாது. கழட்டிப் பாத்து எடுத்துக்கங்க."

ஒரு பொய்யும் சொல்லவில்லை. கழற்றச் சொல்லியும் பார்த்தேன். அவன் அவசரமாகக் கையை ஆட்டி, அதெல்லாம் எதுக்கு என்றான். பணம் வேண்டாம், உங்களிடம் அப்பாவின் ரைபிள் ஒன்று இருப்பதாகக் கேள்வி, அதைக் கொடுத்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடையாளம் சொன்னேன். அவன் மனசுக்குள் தராசு ஆடியது எனக்குத் தெரிந்தது. பிறகு லாரிக்குப் போய், இருக்கைக்குப் பின்னாலிருந்து ரைபிளைக் கொண்டுவந்தான்.

"மனசே வரல. பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல. குழல் இன்னும் புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லி என் கையில் வைத்தான்.

அம்மாவிடம் சொன்னது பொய் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், அதை உணராமலேயே. நான் ரைபிளை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

வேட்டைக் காலத்தின் முதல் நாளான நவம்பர் பதினைந்தாம் தேதி காலையில் எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒன்று என் முன்னால் வந்து நின்றது. ஒரே தோட்டா. பிற்பகலில் அதைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா கடைசியாக நின்ற அதே பக்கத்தில் நின்றேன். பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்பவர்கள் பழிவாங்கிப் பார்க்காதவர்கள். எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஹௌதாலா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் ரைபிள் இல்லை. ரெட்டைக்குழலைக் கழற்றிப் பார்த்துவிட்டான் என்று முகமே சொன்னது. என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, நீ எனக்குக் கொடுத்தது வெறும் குப்பை என்று முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுங்க. அது ஆயிரக்கணக்கில போகும்னு நெனச்சு, அம்மாவைப் பறிகொடுத்த பொண்ணுகிட்ட இடத்தை அடைக்குதுன்னு சொல்லி வாங்கினீங்களே, அதையும் சேத்துச் சொல்லுங்க."

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள். அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நகரப் பார்த்தான். அத்தோடு போயிருக்கலாம். நான்தான் விடவில்லை.

"எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? இது பின்பக்கமா வெடிக்கும், பொண்ணு கண்ணு போயிடும்னு."

அவன் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். பதினாறு வருஷமாக நான் சுமந்தது அவன் தலைக்குள் எங்கேயும் இல்லை. எனக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எரிச்சலில் அவன் கத்தியேவிட்டான்.

"கண்ணு போயிடும்னு நான் எத்தனையோ வீட்ல சொல்லியிருக்கேன். எந்தெந்த வீட்லன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெம்பி கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது.

"என்னோடது பாலத்தடி வீடு. ரெட்டைக்குழல். எம் பையன் கண்ணு போயிடும்னு சொன்ன."

"எங்களோடது மில்லுக்குப் பின்னாடி" என்றார் கிழவர் ஒய்வா, பின்னாலிருந்து. "எங்கண்ணி வீடு."

தீயணைப்பு நிலையத்துப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. அப்புறம் ஒன்று. ஹௌதாலா லாரிக்குப் போகத் திரும்பினான். யாரும் வழி விடவில்லை.