எட்டு நிமிட வட்டம்

மதில் நகரத்துக்கு நான்கு நாள் போய்வரத் திட்டம் போடு என்றால், மற்றவர்கள் எதை எதைப் பார்க்கலாம் என்று யோசிப்பார்கள். இவள் எங்கெங்கே ஆம்புலன்ஸ் நுழையாது என்று பட்டியல் எழுதினாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பதினோரு வருடமாக அவசர உதவி மையத்தில் போன் எடுப்பவள். அழைப்பு வந்து எட்டு நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு.

சாப்பாட்டு மேசை முழுக்க அந்த ஊர் வரைபடம் விரிந்து கிடந்தது. ஏழு வாசல், அதில் இரண்டில்தான் வண்டி நுழையும். பழைய கடைத்தெருவில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். இரண்டு வாசலிலிருந்தும் எட்டு நிமிடத்துக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். மணிக்கூண்டு வட்டத்துக்குள் வந்தது. ஆயுதச் சாலை வந்தது. நிலத்தடித் தொட்டி பாதிதான் வந்தது.

தங்கும் விடுதிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். "உங்க வாசல் வரைக்கும் ஸ்ட்ரெச்சர் வருமா?" என்று கேட்டதற்கு ஒரு விடுதிக்காரர், "இதுவரைக்கும் இங்க யாரும் செத்ததில்லைங்க" என்று வைத்துவிட்டார். கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, நீ கோட்டையப் பாக்கப் போறியா, பிடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்பினார். அவருக்கென்ன, சிரிப்பார். அந்தப் போனை எடுத்தவர் அவர் இல்லையே.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் அது. யாரோ ஒரு டீச்சர் பதறிக்கொண்டு பேசினார்: மாடிப்படியில் ஒரு பிள்ளை விழுந்து கையும் காலும் இழுக்கிறது. இவள் வழக்கம்போல, "மூச்சு இருக்கா? பக்கவாட்டில திருப்பிப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க" என்றாள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டபோதுதான் அது தன் மகள் என்று தெரிந்தது. மீதிக் கேள்விகளையும் அதே குரலில் கேட்டு முடித்தாள். வண்டி ஐந்து நிமிடத்தில் போனது, வலிப்பு ஆறாவது நிமிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு மகளுக்கு ஒருமுறைகூட வரவில்லை. தாய்க்குத்தான் தினமும் வந்துகொண்டிருந்தது, வெளியே தெரியாமல்.

இந்தப் பயணமே மகள் கேட்டதுதான். பதினொரு வயது. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் சில்வண்டு. நாலு கிலோமீட்டர் மதிலை மேலேயே நடந்து ஒரு சுற்று வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் மதிலுக்குப் படிகள் மூன்றே இடத்தில்தான். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவே ஏதாவது ஆனால், கீழே இறக்க இருபத்தைந்து நிமிடம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாய் திட்டத்தாளை எடுத்தாள். மூன்றாம் நாளுக்கு நேரே இருந்த 'மதில்' என்ற சொல்லைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டு 'ஓய்வு' என்று எழுதினாள். மகள் உள்ளறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை மதிலுக்கென்று தனி ஏற்பாடு ஏதாவது இருக்கலாம். தொழில்காரர்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஊர் மையத்துக்கே நேராகப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அவசர உதவி மையம். நோயாளி மூச்சு விடுறாங்களா?"

ஆயிரம் தடவை தான் கேட்ட கேள்வி. தன்னை நோக்கி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. 'நானும் உங்களை மாதிரி ஆபரேட்டர்தாங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது, விரல்கள் மரத்துப்போயின.

"ஹலோ? பக்கத்துல யாராவது இருக்காங்களா? பேச முடியலன்னா போன ரெண்டு தடவ தட்டுங்க."

பதில் இல்லாத அழைப்பை வெட்டக் கூடாது. அந்த விதியை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போன் கை நழுவி மேசையில் மோதி, பிறகு தரையில் மோதியது. இரண்டு தட்டு! அவ்வளவு போதாதா? எண்ணைப் பார்த்து அவள் ஊர் மையத்துக்குத் தகவல் போனது. அங்கே அவள் பக்கத்து இருக்கைத் தோழிக்கு அந்த எண் மனப்பாடம். சில்வண்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டி வண்டியை விரட்டிவிட்டாள்.

நாலாவது நிமிடம் கதவு இடிபட்டது. திறந்தவள் சில்வண்டு. வாசலில் தாடிக்காரர், ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர், கையில் பையோடு மூச்சிரைக்க நின்றார். அவளைப் பார்த்ததும் அவருக்கே குழம்பிவிட்டது.

"உனக்குத்தானேம்மா முடியல?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா." திரும்பிப் பார்த்தவள் அப்போதுதான் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயைக் கண்டாள். "ஐயோ, அம்மாவுக்கு!"

தாடிக்காரர் நாடி பார்த்தார். நூற்று முப்பது. இதயத் துடிப்பைக் கருவியில் பதிந்து பார்த்தார், பக்கத்தில் குந்தியபடி மெதுவாக மூச்சு விடச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பயம்தான். இதயத்துல கோளாறு இல்ல. இருந்தாலும் நாளைக்கு டாக்டரப் பாத்துடுங்க" என்றவர் படிவத்தை எடுத்தார். "நோயாளின்னு யார் பேர எழுத?"

"என் பேரையே எழுதுங்க" என்றாள்.

அதற்குள் சில்வண்டு வரைபடத்தையும் திட்டத்தையும் படித்துவிட்டாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். அடித்த சொல்லைப் பார்த்தாள். தாளைத் தாயிடம் நீட்டினாள்.

"மதில எடுத்துட்டியாம்மா?"

"மேல வச்சு வந்துடுச்சுன்னா..."

"வந்தா பக்கவாட்டில படுக்க வச்சு நேரம் பாக்கணும், டாக்டர் குடுத்த மருந்த மூக்குல அடிக்கணும். எல்லாம் உனக்குத் தெரியுமே. வண்டி வர்ற வரைக்கும் டீச்சர் அன்னிக்கு மருந்துகூட இல்லாம சமாளிச்சாங்களே, நீ சொல்லச் சொல்ல?"

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கு மட்டும் இல்லையா? பாத்ரூம் தாழ்ப்பாள்கூட நான் போடுறதில்ல, உனக்குத் தெரியுமா? விழுந்தா நீங்க உள்ள வர முடியாதுன்னு. பதினாலு மாசமா."

தாய்க்குத் தெரியாது. ஒரு ஊரே போனில் சொல்லும் பயத்தை வாங்கிக்கொள்கிறவளுக்கு, சொந்த வீட்டுத் தாழ்ப்பாள் தெரியவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தாடிக்காரர் பையை மூடுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ பயணமே வேணாமா கண்ணு?"

"போணும். பயந்துக்கிட்டே போலாம்மா. மூணு பேரும்."

தாய் பேனாவை எடுத்து 'ஓய்வு' என்பதை அடித்தாள். மூன்றாம் நாள், காலை, மதில் என்று எழுதினாள். எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் வந்தது.